ராமும் எஸ்எஸ்டியும் இரண்டுமே சில்லுகள் என்றால், கணினிக்கு இரண்டு நினைவகங்கள் எதற்கு?

மடிக்கணினி வாங்க முனைந்த நண்பர் ஒருவர் இரண்டு கேள்விகளை அனுப்பியிருந்தார். 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி என்று விளம்பரங்களில் தனித்தனியாகப் போடுகிறார்களே, அது ஏன் என்பது முதல் கேள்வி. (ராம் என்பது கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் முதன்மை நினைவகம்; எஸ்எஸ்டி என்பது கோப்புகளை நிரந்தரமாக வைக்கும் சேமிப்பகம்.) சுழலும் தட்டாக ஹார்ட் டிஸ்க் இருந்த காலத்தில் இரண்டும் வேறு வேறு என்பது புரிந்தது. இப்போது இரண்டுமே அசையும் பாகம் ஏதுமில்லாத சிலிக்கான் சில்லுகள் என்னும்போது, 528 ஜிபி என்று ஒன்றாகவே கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கிறார். குடும்பப் புகைப்படங்களை எல்லாம் ஓர் எஸ்எஸ்டியில் ஏற்றி அலமாரியில் பூட்டி வைத்துவிடலாமா என்பது இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருப்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

மிக வேகமானதாகவும், மலிவானதாகவும், மின்சாரம் நின்றாலும் மறக்காததாகவும், எத்தனை முறை எழுதினாலும் தேயாததாகவும் உள்ள ஒரு நினைவகத்தை இதுவரை யாரும் பெருமளவில் செய்து விற்றதில்லை. இந்த நான்கில் இரண்டையோ மூன்றையோ தரும் பொருள்கள் உண்டு. நான்கையும் தருவது இல்லை. ஆகவே ஒரு பொருளின் குறையை இன்னொன்றின் நிறையால் ஈடுசெய்து, அடுக்கடுக்காக நினைவகங்களை வைத்துக்கொள்வது கணினியின் பிறவிக் குணமாகிவிட்டது. இடையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், முதன்மை நினைவகமே மின்சாரம் போனாலும் மறக்காத பொருளால் ஆகியிருந்தது என்பது இன்று பலருக்கும் வியப்பளிக்கும். அதை நாம் ஏன் கைவிட்டோம் என்பதில் முதல் கேள்விக்கான விடையில் பாதி அடங்கியிருக்கிறது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1945-இல் கட்டி முடிக்கப்பட்ட எனியாக் கணினியில் சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. ஆயினும் கணக்கின் நடுவே அதன் திரட்டிகளில் வைத்துக்கொள்ள முடிந்தவை 20 பத்திலக்க எண்கள் மட்டுமே. வேலையின் படிகளை வடங்களைச் செருகியும் சுவிட்சுகளைத் திருப்பியும் அமைக்க வேண்டியிருந்தது. எண்களோடு கட்டளைகளையும் நினைவகத்திலேயே வைத்துவிட்டால், வடங்களைப் பிடுங்கிச் செருகாமலே வேலையை மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் அப்போதே பிறந்துவிட்டது. அதற்குப் போதுமான அளவும் வேகமும் உள்ள நினைவகம்தான் கைவசம் இல்லை.

அந்தக் குறையை முதலில் தீர்த்தவர்கள் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரெடி வில்லியம்ஸும் டாம் கில்பர்னும். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளின் படக்குழாயை ஒத்த கதோட் கதிர்க் குழாயை அவர்கள் எடுத்துக்கொண்டனர். மின்னணுக் கற்றை திரையில் விழும் இடத்தில் ஒரு மின்னூட்டப் புள்ளி உருவாகிறது. அந்தப் புள்ளியின் தன்மையைக் கொண்டு 0, 1 என இரண்டையும் வேறுபடுத்தலாம். அப்படியொரு 0 அல்லது 1-தான் ஒரு பிட். ஆனால் மின்னூட்டம் நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் கசிந்து மறைந்துவிடும். எனவே அது மறையுமுன் படித்து, படித்ததை அதே இடத்தில் மீண்டும் எழுது, இதை ஓயாமல் செய்துகொண்டே இரு என்பது அவர்கள் கண்ட வழி. இப்படி 1,024 பிட்களை வைத்திருந்த ஒரு குழாயைக் கொண்டு 1948 ஜூன் 21 அன்று, நினைவகத்தில் வைக்கப்பட்ட நிரல் ஒன்று முதன்முறையாக மின்னணுக் கணினியில் ஓடியது. 2-இன் 18-ஆம் அடுக்கான 262,144-இன், அந்த எண் நீங்கலான மிகப் பெரிய வகுஎண்ணைக் கண்டுபிடிக்கும் அந்த நிரலைக் கில்பர்ன் எழுதினார். விடை வர 52 நிமிடங்கள் ஆயின. மறக்குமுன் திரும்ப எழுதும் அந்த உத்தியை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், ஏனெனில் இன்று உங்கள் மடிக்கணினியில் இருக்கும் ராமும் இதைத்தான் செய்கிறது.

அதே காலத்தில் கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் கட்டிய எட்சாக் கணினி 1949 மே மாதத்தில் இயங்கத் தொடங்கியது. அதன் நினைவகம் பாதரசம் நிரப்பிய, ஏறத்தாழ ஐந்தடி நீளமுள்ள குழாய்கள். ஒரு முனையில் ஒலியலையாகச் செலுத்தப்படும் துடிப்புகள் மறுமுனையை அடைய ஒரு மில்லி விநாடி அளவு நேரம் ஆகும். அங்கே வந்தவற்றைப் பிடித்து மின்துடிப்பாக்கி மறுபடி முதல் முனைக்கே அனுப்பினால், குழாய்க்குள் பயணத்தில் இருக்கும் துடிப்புகளே நினைவகமாகிவிடுகின்றன. போர்க்கால ராடார் பணியில் பிறந்து, எனியாக்கை வடிவமைத்த எக்கர்ட்டால் கணினிக்குக் கொண்டுவரப்பட்ட உத்தி இது. பாதரசத்துக்குப் பதிலாக ஜின் மதுவைப் பயன்படுத்தலாம் என்று ஆலன் டூரிங் சொன்னாராம். நகைச்சுவை போலத் தோன்றினாலும், நீரும் ஆல்ககாலும் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்தால் அறை வெப்பநிலையை ஒட்டி ஒலியின் வேகம் அதிகம் மாறாது என்ற கணக்கு அதன் பின்னால் இருந்தது. பாதரசக் குழாய்களின் உண்மையான குறை வேறு: வேண்டிய எண் மறுமுனைக்கு வந்து சேரும்வரை கணினி காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பு என்ற இந்தக் குறையோடு வாழக் கற்றுக்கொண்ட கணினிகளும் உண்டு. 1954-இல் வாடிக்கையாளர்களிடம் போய்ச் சேரத் தொடங்கிய ஐபிஎம் 650, நிமிடத்துக்கு 12,500 முறை சுழலும் காந்தப்பூச்சு உருளையில் 2,000 பத்திலக்க எண்களை வைத்திருந்தது. உருளை ஒரு சுற்று முடிக்க 4.8 மில்லி விநாடிகள். அடுத்த கட்டளையை அடுத்த இடத்திலேயே எழுதிவைத்தால், முதல் கட்டளையை நிறைவேற்றி முடிப்பதற்குள் அந்த இடம் படிக்கும் தலையைக் கடந்து போய்விடும்; பிறகு முழுச் சுற்றும் வீண். ஆகவே ஒவ்வொரு கட்டளையிலும் அடுத்த கட்டளை இருக்கும் இடத்தின் முகவரியும் எழுதப்பட்டது. கட்டளை முடியும் தறுவாயில் உருளையின் எந்தப் பகுதி தலைக்கு அடியில் வரும் என்று கணக்கிட்டு, அங்கே அடுத்ததை வைப்பது நிரலாளரின் திறமை எனக் கருதப்பட்டது. இந்தியாவின் முதல் மின்னணு இலக்கக் கணினியாக 1955-இல் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்த ஹெச்இசி-2எம் இயந்திரமும் காந்த உருளையையே நினைவகமாகக் கொண்டது.

இந்தக் குழாய்களையும் உருளைகளையும் ஒருசேர ஓரங்கட்டியது ஃபெரைட் வளையங்களாலான கோர் நினைவகம். கடுகளவும் அதற்குக் குறைவாகவும் உள்ள வளையங்களைக் கம்பிகளின் குறுக்குச் சந்திப்புகளில் கோத்துச் செய்த வலை அது. வளையத்தை வலஞ்சுழியாகக் காந்தமாக்கினால் 1, இடஞ்சுழியாக்கினால் 0 என்று கொள்ளலாம். எம்ஐடியில் ஜே ஃபாரஸ்டர் வகுத்த முறையின் அழகு, வளையத்தைத் தேர்ந்தெடுக்கும் விதத்தில் இருக்கிறது. வளையத்தைத் திருப்பத் தேவையான மின்னோட்டத்தில் பாதியைக் கிடைக்கம்பி ஒன்றிலும் மறுபாதியைச் செங்குத்துக் கம்பி ஒன்றிலும் அனுப்பினால், இரண்டும் சந்திக்கும் ஒரே வளையம் மட்டும் முழு மின்னோட்டத்தை உணர்ந்து திரும்பும். அந்தக் கம்பிகளிலுள்ள மற்ற வளையங்கள் பாதியை மட்டும் பெற்று அசையாமல் இருக்கும். இதனால் 4,096 வளையங்கள் கொண்ட ஒரு தட்டை 64 கிடைக்கம்பிகளாலும் 64 செங்குத்துக் கம்பிகளாலும் ஆள முடிந்தது. படிப்பதற்கு ஒரே வழி, அந்த வளையத்தை 0-வாக மாற்ற முயல்வது: அது முன்பு 1-ஆக இருந்திருந்தால் திரும்பும்போது, எல்லா வளையங்களையும் ஊடுருவிச் செல்லும் உணர்கம்பியில் ஒரு துடிப்பு எழும், 0-வாக இருந்திருந்தால் எதுவும் எழாது. எப்படியும் படித்து முடித்ததும் அந்த இடத்தில் 0 மட்டுமே மிஞ்சும் என்பதால், படித்ததைத் திரும்ப எழுதும் வேலை இங்கும் உண்டு. படித்துத் திரும்ப எழுதும் அந்த உத்தியை முன்னதாகவே ஹார்வர்டில் கண்டு காப்புரிமை கோரியிருந்தவர் ஆன் வாங். 1953-இல் எம்ஐடியின் வேர்ல்விண்ட் கணினியில் கோர் நினைவகம் பொருத்தப்பட்டது.

இதில் எங்கிருக்கும் வளையத்தையும் ஒரே கால அளவில் எட்ட முடியும், எத்தனை முறை எழுதினாலும் தேயாது, இயந்திரத்தை அணைத்துவிட்டு மறுநாள் காலை போட்டாலும் எழுதியது அப்படியே இருக்கும். நான் மேலே சொன்ன நான்கு குணங்களில் மூன்று இதற்கு இருந்தன. இல்லாமல் போனது மலிவு ஒன்றே: நுண்ணோக்கியின் அடியில், பெரும்பாலும் பெண்கள், கையால் கோத்த வலைகள் இவை. அப்பல்லோ விண்கலங்களின் கணினியில் நிலவுப் பயண நிரல்களைத் தாங்கிய 36,864 சொற்கள் கொண்ட நினைவகமும் இந்த வகையின் உறவுதான். அதில் கம்பி வளையத்துக்குள் சென்றால் 1, வெளியே சென்றால் 0 என்பதால், நிரலையே கம்பியாக நெய்தார்கள். நெய்து முடித்த பிறகு ஒரு பிழையைத் திருத்துவது எவ்வளவு பாடாக இருந்திருக்கும் என்பதை மென்பொருள் எழுதுவோர் எண்ணிப் பார்க்கலாம்.

நம் நாட்டில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தானே வடிவமைத்துக் கட்டி 1960-இல் இயக்கிய டிஃப்ராக் கணினி, தலா 40 பிட் கொண்ட 2,048 சொற்களைக் கோர் நினைவகத்தில் வைத்திருந்தது. அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஆர். நரசிம்மன் சென்னையில் பிறந்து கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1973-இல் சென்னை ஐஐடிக்கு வந்த ஐபிஎம் 370/155-இன் முதன்மை நினைவகமும் கோர் வகையே; ஆனால் அதற்கும் செயலிக்கும் நடுவே 8 கேபி அளவில் வேகமான கேஷ் நினைவகம் ஒன்றும் இருந்தது. அடுக்குகள் அதற்குள் பெருகத் தொடங்கிவிட்டன.

இனி மறுகரையில், அதாவது நிரந்தரச் சேமிப்பில், நடந்தவற்றுக்கு வருகிறேன். 1890-இன் அமெரிக்கக் குடிக்கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் பயன்படுத்திய துளை அட்டை, 1928-இல் ஐபிஎம் கொண்டுவந்த 80 பத்தி வடிவில் எழுபதுகள் வரையும் அதற்குப் பின்னும் வாழ்ந்தது. அட்டைக்கு 80 எழுத்துகள். பெட்டி கீழே விழுந்து அட்டைகள் கலைந்தால் நிரலும் கலைந்தது. 1951-இல் யூனிவாக் கணினி உலோக நாடாவையும், மறு ஆண்டு ஐபிஎம் 726 காந்தப்பூச்சுள்ள பிளாஸ்டிக் நாடாவையும் கொண்டுவந்தன. நாடா அளவில் பெரிது, விலையில் குறைவு. ஆனால் நடுவிலுள்ள ஒரு பதிவை எடுக்க முதலிலிருந்து சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஒரு நாள் முழுவதும் சேர்ந்த விற்பனைச் சீட்டுகளை வரிசைப்படுத்தி இரவில் மொத்தமாகக் கணக்கிடும் வேலைக்கு அது போதும்; வாடிக்கையாளர் தொலைபேசியில் காத்திருக்கும்போது அவர் கணக்கை மட்டும் எடுத்துப் பார்க்க உதவாது.

அந்தத் தேவைக்காக கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ரெனால்ட் ஜான்சன் தலைமையிலான ஐபிஎம் குழு உருவாக்கியதே முதல் ஹார்ட் டிஸ்க். 1956 செப்டம்பரில் ராமாக் என்ற கணினியின் பகுதியாக அறிவிக்கப்பட்ட அந்த ஐபிஎம் 350 அலகில், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சில் நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. எடை ஒரு டன்னுக்கும் மேல். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள், எழுத்துக்கு 6 பிட் என்பதால் இன்றைய கணக்கில் 4 எம்பிக்கும் குறைவு, அதாவது இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம். கணினியின் மாத வாடகை 3,200 டாலர். தட்டுகளின் மேல் இரும்பு ஆக்சைடு பூச்சைச் சீராகப் பரப்புவது பெரும் சிக்கலாக இருந்தது. கலவையை மெல்லிய காலுறைத் துணியில் வடிகட்டி, காகிதக் குவளையால் சுழலும் தட்டின் உட்புற விளிம்பருகே ஊற்றினால் அது தானே வெளிப்புறமாகப் பரவிக்கொள்ளும் என்று கண்டார்கள். 50 தட்டுகளுக்கும் சேர்த்து ஒரே கைதான்: அது ஒரு தட்டிலிருந்து வெளியே வந்து, மேலோ கீழோ நகர்ந்து, இன்னொரு தட்டுக்குள் நுழைய வேண்டும். சராசரியாக 0.6 விநாடி ஆகும். நாடாவோடு ஒப்பிட்டவர்களுக்கு அது மின்னல் வேகம்.

அதன் பிறகு வந்தவை எல்லாம் தலையைத் தட்டுக்கு மேலும் மேலும் நெருக்கமாகக் கொண்டுபோன கதை. ராமாக்கில் அழுத்தப்பட்ட காற்றைப் பீய்ச்சித் தலையைத் தட்டிலிருந்து விலக்கி நிறுத்தினார்கள். 1961-இன் ஐபிஎம் 1301-இல் சுழலும் தட்டு இழுத்துவரும் காற்றின் மேலேயே தலை மிதந்தது, ஒவ்வொரு பரப்புக்கும் தனித்தலையும் கிடைத்தது. 1973-இல் வந்த ஐபிஎம் 3340, தட்டையும் தலையையும் ஒரே மூடிய உறைக்குள் வைத்தது. தூசி புகாத அந்த ஏற்பாடுதான் பின்னர் எல்லா ஹார்ட் டிஸ்க்குகளுக்கும் இலக்கணமாயிற்று. 1980-இல் சீகேட் நிறுவனத்தின் எஸ்டி-506, 5 எம்பியை 5.25 அங்குல அளவுக்குள் அடக்கி மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. 1988-இல் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் பீட்டர் குருன்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்த மாபெரும் காந்தமின்தடை விளைவு (சிறு காந்தப்புலத்துக்கே மின்தடை பெரிதும் மாறுவது), பத்தாண்டுக்குள், 1997-இல் ஐபிஎம் ஹார்ட் டிஸ்க்குகளின் தலைக்குள் வந்துவிட்டது. அவ்விருவருக்கும் 2007-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில்தான் ஹிட்டாச்சி முதல் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று 30 டிபியைத் தாண்டிவிட்டார்கள். ஆனால் தட்டு சுழன்று, கை நகர்ந்து வேண்டிய இடத்தை எட்டும் நேரம் இன்னும் 10 மில்லி விநாடியை ஒட்டியே நிற்கிறது. கொள்ளளவு எண்பது லட்சம் மடங்கு பெருக, எட்டும் நேரம் அறுபது மடங்கு மட்டுமே குறைந்திருக்கிறது. பொறிமுறைப் பாகத்தின் எல்லை அது.

பிளாப்பியையும் குறுந்தகட்டையும் சுருக்கமாகக் கடந்துவிடுகிறேன். 1971-இல் ஐபிஎம் பெருங்கணினிகளுக்கு உள்நிரல் ஏற்றவே 8 அங்குல பிளாப்பி பிறந்தது, 1976-இல் 5.25 அங்குலம், எண்பதுகளின் தொடக்கத்தில் சோனியின் 3.5 அங்குலம். எல்லோரும் 1.44 எம்பி என்று படித்த அந்த அளவு, 1,024-ஐயும் 1,000-ஐயும் பெருக்கி வந்த கலப்பு அலகில் சொல்லப்பட்டது. எந்த முறையான கணக்கிலும் அது 1.44 வராது. 1982-இல் இசைக்காக வந்த குறுந்தகடு, பின்னர் கணினித் தரவுக்கு 650 எம்பி இடம் கொடுத்தது. லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டரிலிருந்து 650-க்கும் பிறகு 405-க்கும் குறையக் குறைய டிவிடியும் புளூ-ரேயும் வந்தன. 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் தமிழ்ப் படங்களை 28 ரூபாய்க்கும் 34 ரூபாய்க்கும் தட்டுகளில் விற்றபோது, ஒரு படத்தின் பல நூறு மெகாபைட்டுகள் டீக்கடைச் செலவுக்குள் வந்திருந்தன.

முதன்மை நினைவகத்துக்குத் திரும்புவோம். 1966-இல் ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்ட், ஒரு பிட்டை வைத்திருக்க ஒரே ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு சிறு மின்தேக்கியும் போதும் என்று கண்டார். 1968-இல் காப்புரிமை கிடைத்தது. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லையென்றால் 0. இவ்வளவு எளிய அமைப்பு என்பதால் ஒரு சில்லில் எத்தனை வேண்டுமானாலும் நெருக்கி வைக்கலாம். ஆனால் அந்த மின்தேக்கி கசியும், படித்தாலும் காலியாகும். ஆகவே வில்லியம்ஸ் குழாயில் செய்ததைப் போலவே, ராமின் ஒவ்வொரு வரிசையையும் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்: டிடிஆர்4 வகையில் 64 மில்லி விநாடிக்குள் ஒரு முறை, டிடிஆர்5-இல் 32 மில்லி விநாடிக்குள் ஒரு முறை. நீங்கள் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் கணினி தன் ராம் முழுவதையும் பல பத்து முறை தனக்குத்தானே திரும்ப எழுதியிருக்கும்.

1970 அக்டோபரில் இன்டெல் விற்பனைக்குக் கொண்டுவந்த 1103 என்ற 1,024 பிட் சில்லு, டென்னார்டின் ஒற்றை டிரான்சிஸ்டர் வடிவம் அல்ல. பிட்டுக்கு மூன்று டிரான்சிஸ்டர் கொண்டது, பயன்படுத்தவும் சிரமமானது. ஆயினும் விலையில் அது கோர் நினைவகத்தோடு மல்லுக்கட்டியது; 1972-க்குள் உலகிலேயே அதிகம் விற்கும் குறைகடத்திச் சில்லாயிற்று. கையால் கோக்கும் வலையின் விலை குறைய ஓர் எல்லை உண்டு. ஒளியால் அச்சிடும் சில்லின் விலைக்கு அப்படியோர் எல்லை அன்று தெரியவில்லை. இந்தத் திருப்பத்தில்தான் நாம் நிலைப்பைக் கொடுத்து மலிவை வாங்கிக்கொண்டோம். நினைவகத்துக்காகவே தொடங்கப்பட்ட இன்டெல், ஜப்பானிய நிறுவனங்களின் விலைப் போட்டியைத் தாங்க முடியாமல் 1985-இல் டிராம் எனப்படும் இந்த மின்தேக்கி வகை ராம் தொழிலையே விட்டு விலகியது என்பது இந்த மலிவின் இன்னொரு முகம்.

வேகமான சிறிய நினைவகத்தையும் மெதுவான பெரிய நினைவகத்தையும் ஒன்றாகக் காட்டும் வித்தையும் பழையதே. 1962-இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில் 16,384 சொற்களுக்குக் கோர், 98,304 சொற்களுக்கு உருளை என இரண்டு இருந்தன. நிரலாளருக்கோ ஒரே பெரிய நினைவகம் இருப்பதாகவே தெரியும். 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, வேண்டியதைக் கோருக்கும் வேண்டாததை உருளைக்கும் இயந்திரமே மாற்றிக்கொண்டது. இதை ஒற்றை மட்டச் சேமிப்பு என்று கில்பர்னும் உடனுழைத்தோரும் அழைத்தார்கள். நண்பர் கேட்ட 528 ஜிபி என்ற கருத்து, ஒரு வகையில் அப்போதே வந்துவிட்டது. உள்ளுக்குள் இரண்டாக இருந்தாலும் வெளியே ஒன்றாகத் தெரிய வைத்தார்கள். உங்கள் கணினியும் ராம் நிரம்பினால் எஸ்எஸ்டியின் ஒரு பகுதியை இப்படித்தான் பயன்படுத்துகிறது.

எஸ்எஸ்டியின் தொடக்கம் 1967. பெல் ஆய்வகத்தில் டாவன் காங்கும் சைமன் சீயும், டிரான்சிஸ்டருக்குள் எந்தக் கம்பியோடும் இணையாத ஒரு மிதக்கும் வாயிலை வைத்து, சுற்றிலும் மின்கடத்தாப் படலத்தால் மூடி, அதற்குள் மின்னணுக்களைச் சிறைவைக்கலாம் என்று காட்டினர். 1971-இல் இன்டெல்லின் டோவ் ஃபுரோமன் அதை இப்ராம் சில்லாக்கினார். எழுதியதை அழிக்க, சில்லின் கண்ணாடிச் சாளரத்தின் வழியே புறஊதா ஒளியைப் பல நிமிடங்கள் காட்ட வேண்டும். மின்சாரத்தாலேயே, அதுவும் ஒரு பெரும்பகுதியை ஒரே வீச்சில் அழிக்கும், பிளாஷ் எனப்படும் வழியைத் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா 1984-இலும், அதன் நெருக்கமான வடிவமாகிய நேண்ட் வகையை 1987-இலும் வெளியிட்டார். தம் கண்டுபிடிப்புக்கு உரிய பங்கு தரப்படவில்லை என்று அவர் பின்னாளில் தோஷிபாவின் மேல் வழக்குத் தொடுக்க நேர்ந்தது, 2006-இல் 8.7 கோடி யென்னுக்குச் சமரசம் ஆயிற்று. உலகத்தின் பைகளில் எல்லாம் இருக்கும் ஒரு பொருளுக்கு இது சொற்பத் தொகை என்பது என் எண்ணம்.

எஸ்எஸ்டிக்குள் இருக்கும் இந்த நேண்ட் பிளாஷில் எழுதுவது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் முதல் கேள்வி தீர்ந்துவிடும். எழுதும் அலகு ஒரு பக்கம், பெரும்பாலும் 16 கேபி. அழிக்கும் அலகோ பல எம்பி கொண்ட ஒரு தொகுதி. அழிக்காத இடத்தில் மேலெழுத முடியாது. ஆகவே ஓர் எழுத்தை மாற்றினாலும் எஸ்எஸ்டியின் உள்கட்டுப்பாட்டுச் சில்லு முழுப் பக்கத்தையும் வேறொரு காலி இடத்தில் புதிதாக எழுதி, பழையதைச் செல்லாதது எனக் குறித்துக்கொள்கிறது. செல்லாதவை சேர்ந்த பிறகு, மிஞ்சிய நல்ல பக்கங்களை இடம்மாற்றிவிட்டுத் தொகுதியை மொத்தமாக அழிக்கிறது. ஒவ்வொரு முறையும் சுமார் 20 வோல்ட் அழுத்தத்தில் மின்னணுக்கள் சில நானோமீட்டர் தடிமனுள்ள படலத்தைத் துளைத்துச் செல்வதால், படலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகிறது. மிதக்கும் வாயில் கொண்ட டிரான்சிஸ்டர் ஒன்றை ஓர் அறை என்றால், அறைக்கு ஒரு பிட் வைத்த பழைய வகை ஏறத்தாழ ஒரு லட்சம் முறை தாங்கியது; அறைக்கு மூன்று பிட் வைத்து எட்டு மின்னூட்ட நிலைகளைப் பிரித்தறியும் இன்றைய வகை ஆயிரம் முதல் மூவாயிரம் முறை வரை. 2013-இல் சாம்சங் 24 அடுக்குகளில் தொடங்கிய செங்குத்து அடுக்கு முறை இன்று 200-ஐக் கடந்துவிட்டதால் கொள்ளளவு பெருகியது, தேய்மானம் போகவில்லை.

இப்போது இதை ராமின் இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நிரலில் விநாடிக்குப் பத்து லட்சம் முறை மாறும் ஓர் எண் இருப்பது சாதாரணம். 3,000 முறை தாங்கும் அறை ஒன்று அந்த வேகத்தில் எழுத இடம்கொடுத்திருந்தால், 3 மில்லி விநாடியில் அதன் ஆயுள் முடிந்திருக்கும். வேகத்தின் இடைவெளியும் சிறிதல்ல. செயலிக்கு மிக நெருக்கமான கேஷ் ஒரு நானோ விநாடியில் பதில் தருகிறது. ராம் 100 நானோ விநாடி, எஸ்எஸ்டி 100 மைக்ரோ விநாடி, ஹார்ட் டிஸ்க் 10 மில்லி விநாடி, நாடா ஒரு நிமிடம் என்று தோராயமாகக் கொள்ளலாம். அந்த ஒரு நானோ விநாடியை நாம் உணரும் ஒரு விநாடியாக விரித்தால், ராமிலிருந்து விடை ஒன்றரை நிமிடத்தில் வரும். எஸ்எஸ்டி ஒரு நாளைக் கடந்து சில மணி நேரம் எடுக்கும். ஹார்ட் டிஸ்க் ஏறத்தாழ நான்கு மாதம். நாடாவிடம் சங்க காலத்தில் கேட்டிருந்தால் இன்று விடை வந்து சேரும். எல்லாவற்றையும் ராமாகவே வைத்துவிடலாமே என்றால், ஜிபிக்கு ஜிபி பிளாஷைவிடப் பல மடங்கு விலை, போதாக்குறைக்கு மின்வெட்டு ஒன்றில் எல்லாம் போய்விடும்.

இரண்டையும் உண்மையாகவே ஒன்றாக்க முயன்றவர்கள் உண்டு. எழுபதுகளில் பெல் ஆய்வகத்தின் காந்தக்குமிழி நினைவகம் பெரும் எதிர்பார்ப்பை எழுப்பியது. 1979-இல் இன்டெல் பத்து லட்சம் பிட் கொண்ட குமிழிச் சில்லையும் செய்தது. அசையும் பாகம் இல்லை, மறக்காது. ஆனால் ராமைவிட மெதுவானது, ஹார்ட் டிஸ்க்கைவிட விலை கூடியது. இருபுறமும் விலை சரிய, எண்பதுகள் முடிவதற்குள் அது வழக்கொழிந்தது. 2015-இல் இன்டெலும் மைக்ரானும் அறிவித்த 3டி கிராஸ்பாயிண்ட், ஆப்டேன் என்ற பெயரில் 2017 முதல் விற்கப்பட்டது. 2019-இல் ராம் செருகும் அதே துளையில் செருகும் வடிவிலும் வந்தது. பைட் பைட்டாக எழுதலாம், மின்சாரம் போனாலும் மறக்காது, பிளாஷைவிட நெடுநாள் தாங்கும். நண்பர் கேட்ட பொருளுக்கு இதுவரை மிக அருகில் வந்தது இதுவே. ஆனால் வேகத்தில் ராமை எட்டவில்லை, விலையில் பிளாஷை எட்டவில்லை, மென்பொருள்களை இதற்கென்று மாற்றி எழுத யாருக்கும் அவசரமும் இல்லை. 2021-இல் மைக்ரான் விலகியது. 2022-இல் இன்டெலும் கைவிட்டது. குமிழி நினைவகத்துக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது என்று நான் நினைக்கிறேன்: புதிய பொருள் சந்தைக்கு வரும்போது, பழையவை இரண்டும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. இப்போதைக்குச் சிறு கட்டுப்பாட்டுச் சில்லுகளுக்குள், கோர் வளையத்தைப் போலவே காந்தத் திசையில் பிட்டை வைக்கும் எம்ராம் வகை இடம்பிடித்துவருகிறது. ஆனால் மடிக்கணினிக்கு வேண்டிய கொள்ளளவுக்கு அதன் விலை கட்டாது.

இனி அலமாரிக் கேள்வி. எஸ்எஸ்டியைப் பூட்டி வைத்து மறந்துவிடாதீர்கள். சிறைப்பட்ட மின்னணுக்கள் மெல்லக் கசிபவை. வெப்பம் கூடினால் கசிவும் கூடும். வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டி, தன் எழுத்து ஆயுள் முழுவதும் தீர்ந்த நிலையில், மின்சாரமின்றி 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதே தொழில்துறைத் தரம் கேட்கும் அளவு. அதிகம் எழுதப்படாத புதிய எஸ்எஸ்டி அதைவிடப் பல ஆண்டுகள் தாங்கும் என்றாலும், சென்னைக் கோடையில் பூட்டிய அலமாரி 30 டிகிரியில் நிற்காது. பதிவுசெய்யும் குறுந்தகடுகளின் சாயம் மங்கும் என்பதைப் பலர் ஏற்கெனவே அனுபவித்திருப்பார்கள். ஹார்ட் டிஸ்க்கின் காந்தப் பதிவு நெடுங்காலம் நிற்கும். கெட்டுப்போவது பெரும்பாலும் அதன் இயந்திரப் பாகமே. பெரிய நிறுவனங்கள் இன்றும் நாடாவை விடவில்லை: 2021-இல் வந்த எல்டிஓ-9 நாடாச் சுருள் ஒன்று 18 டிபி கொள்ளும், 2011 பிப்ரவரியில் மென்பொருள் பிழை ஒன்றால் ஜிமெயில் பயனர் சிலரின் அஞ்சல்கள் காணாமல் போனபோது, கூகுள் அவற்றை நாடாவிலிருந்துதான் மீட்டது. வீட்டுக்கு நாடா இயந்திரம் கட்டுப்படியாகாது. ஆகவே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் படியெடுத்து, ஒன்றை உங்கள் வீட்டிலும் மற்றொன்றை உறவினர் வீட்டிலும் வைத்து, ஆண்டுக்கு ஒரு முறையாவது இணைத்துக் கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள். கையில் எஸ்எஸ்டி மட்டுமே இருந்தால், இணைத்து மின்சாரம் கொடுப்பதோடு நிறுத்தாமல், எல்லாக் கோப்புகளையும் வேறோரிடத்துக்கு ஒரு முறை முழுமையாகப் படியெடுத்துவிட்டு, அதன் பிறகு மறுபடி பூட்டுங்கள்.